ஓட்டமும் இளைப்பாறலும்

ஓடுகிறவனைப் பற்றி நம்மவர்களுக்குப் பொதுவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது. கடன்காரனைக் கண்டு ஓடுகிறான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான், நாய் துரத்தி ஓடுகிறான். காரணம் எதுவும் தெரியாமல் ஒருவன் ஓடினால், அவனுக்குப் புத்தி சரியில்லை என்று தீர்மானித்துவிடுகிறோம். 'ஓடிப் போனவன்' என்பது வசை. 'ஓடாய் ஓடி உழைத்தான்' என்று சொல்லும்போதுகூட அதில் பாராட்டைவிடப் பச்சாத்தாபமே அதிகம் தொனிக்கிறது. நடப்பவன் கனவான், ஓடுபவன் ஏதோ சங்கடத்தில் இருப்பவன். இதுதான் நம் சம்பிரதாயம்.

இந்தச் சம்பிரதாயத்துக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மாதத்துச் சிவராத்திரியை ஒட்டி, குடும்பஸ்தர்களும் கிழவர்களும் பள்ளிக்கூடப் பையன்களும் காரியத்தோடு ஓடுகிறார்கள். ஓடாதவர்கள் வீட்டு வாசலில் மோரும் பானகமும் சுக்கு நீரும் வைத்துக்கொண்டு, ஓடுகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே 'சிவாலய ஓட்டம்'.

எனக்கு ஊர் மயிலாடி. சுசீந்திரத்துக்குக் கிழக்கே, மருந்துவாழ் மலைக்குப் பக்கத்தில், உளிச் சத்தத்தில் விழித்து உளிச் சத்தத்தில் உறங்கும் ஊர். நாஞ்சில் நாட்டுக்காரர்களான எங்களுக்குச் சிவாலய ஓட்டம் பக்கத்து வீட்டுத் திருவிழா மாதிரி. அது கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்கு உரியது. பக்கத்து வீட்டுத் திருவிழாவில் ஒரு சௌகரியம் உண்டு: சொந்த வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறவே நேரம் போய்விடும், பக்கத்து வீட்டில் என்றால் நின்று வேடிக்கை பார்க்கலாம். அப்படி வேடிக்கை பார்த்ததில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகந்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். முஞ்சிறையை அடுத்த திருமலையில் ஓட்டம் ஆரம்பமாகிறது. அடுத்தது தாமிரபரணிக் கரையில் திக்குறிச்சி. இந்தத் தாமிரபரணி திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல. குழித்துறை வழியாக ஓடி மேலைக் கடலில் சேரும் எங்கள் ஊர்த் தாமிரபரணி. பிறகு அருவியோடு கூடிய திற்பரப்பு, பாறையைக் குடைந்த குகைக் கோயிலும் உள்ள திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், பத்மநாபபுரம் கோட்டைக்குள் கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே பெயர் தந்த திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். ஆக மொத்தம் பன்னிரண்டு சிவாலயங்கள். எந்தக் குறுக்கு வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்துத் தூரம் கொஞ்சம் கூடும், குறையும். சுமாராக நூறு கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். உலகமெல்லாம் பேசுகிற மாரத்தான் பந்தயத்தின் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். சிவாலய ஓட்டம் ஏறக்குறைய அதைப் போல் இரண்டரை மடங்கு.

சிவராத்திரிக்கு முந்தின நாள் அந்தியில் புறப்படுகிறவர்கள், அந்த இரவும் மறுநாள் பகலும் போய், சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தை அடைகிறார்கள். கையில் பனையோலை விசிறி. இடுப்பில் திருநீற்றுப் பையும் சில்லறையும். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத் துணியோடு சுவாமி தரிசனம். விசிறியால் சுவாமிக்கு விசிறுவது. வழி நெடுக, 'கோவிந்தா! கோபாலா!' என்ற கோஷம். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் விஷ்ணுவின் பெயரையா சொல்வது என்று வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

தருமபுத்திரர் யாகம் செய்கிறார். புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருக்கிறது. பாதி மனிதனும் பாதி மிருகமுமான அந்தப் பிராணி மகா சிவபக்தன். விஷ்ணுவின் நாமத்தைக் கேட்டாலே அதற்கு ஆகாது. பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணன். கையில் பன்னிரண்டு ருத்திராட்சங்களையும் கொடுத்து அனுப்புகிறார். பீமன், 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு போகிறான். புருஷாமிருகம் துரத்துகிறது. பிடித்துவிடும் என்ற நிலைமை வந்ததும் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அந்த இடத்தில் ஒரு சிவலிங்கம் முளைக்கிறது. லிங்கத்தைக் கண்ட புருஷாமிருகம் கோபத்தை மறந்து, நீராடி, பூஜை செய்யத் தொடங்குகிறது. பூஜை முடிந்ததும் மறுபடி துரத்தல், மறுபடி ருத்திராட்சம். பன்னிரண்டாவது இடத்தில் பீமனுடைய ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள்ளும் மற்றொரு கால் வெளியிலுமாக இருந்தபோது அகப்பட்டான் என்றும், நியாயம் கேட்கப்பட்ட தருமர், தம்பி என்று பாராமல் பாதி உடல் மிருகத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார் என்றும், அந்த நேர்மையில் மனம் இளகி மிருகம் பீமனை விட்டுவிட்டது என்றும் கதை முடிகிறது.

சைவ வைணவ ஒற்றுமையைச் சொல்லும் கதை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். அது சரிதான். ஆனால் ஓட்டக் கலையின் பார்வையில் இந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். பீமன் உலகத்திலேயே பெரிய பலசாலி. அவனாலேயே ஒரே மூச்சில் ஓடித் தப்ப முடியவில்லை. பன்னிரண்டு இடைவேளைகள் தேவைப்பட்டன. அவன் ஓடியதால் மட்டும் பிழைக்கவில்லை; மிருகம் நின்றதால் பிழைத்தான். இன்றைய பக்தர்களோ இரண்டு பாத்திரங்களையும் சேர்த்தே நடிக்கிறார்கள். வழியில் பீமனுடைய கோஷத்தோடு ஓடுகிறார்கள். கோயிலை அடைந்ததும் புருஷாமிருகத்தைப் போல் நீராடிப் பூஜை செய்கிறார்கள். துரத்தப்பட்டவனுக்கு ஓட்டம், துரத்தியவனுக்கு ஓய்வு என்று கதை பிரித்துக் கொடுத்ததை, சடங்கு ஒரே மனிதனிடம் சேர்த்து வைத்துவிட்டது.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். அது கணக்குச் சந்தேகம். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு இரவு, ஒரு பகல், மறு இரவில் கொஞ்சம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்று மைல்கூடத் தேறவில்லை. சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்குகிற பென்ஷன்காரர் அந்த வேகத்தில் நடப்பார்! இதற்குப் போய் 'ஓட்டம்' என்று பெயரா?

இந்தக் கேள்வியை என் தாயாருக்கு அண்ணன் முறையான ஒருவரிடம் கேட்டேன். கல்குளம் பக்கத்துக்காரர், பதினேழு தடவை பன்னிரண்டு கோயிலையும் காலாலேயே சுற்றியவர். மாமா சிரித்தார்.

"மக்கா, நீ கோயில்ல நிக்க நேரத்த ஓட்டத்துல சேக்கல்லியா? குளிக்கது, தொழுகது, கஞ்சி குடிக்கது, மரத்து மூட்டுல அரை நாழிக சாயுகது, எல்லாம் ஓட்டந்தான். அத விட்டா மத்தது நடக்காது."

"ஓடுகிறபோது என்ன வேகத்தில் ஓடுவீர்கள் மாமா?"

"வேகமா? அதுக்கு வாச்சு கெட்ட வேண்டாம். கோவிந்தா கோபாலான்னு முழுசா விளிக்க மூச்சு இருக்கணும். 'கோவிந்தா' சொல்லி 'கோபாலா'வுக்கு மூச்சு முட்டுதுன்னா, நீ ஓடுகது தப்பு. முதல் ராத்திரி துள்ளிக்கிட்டு முன்னால ஓடுகவன நான் பாத்திருக்கேன். விடியும்போ அவன் திருநந்திக்கரைல காலப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்."

மாமாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை; அவர் சொன்னதைச் சொல்ல மேல்நாட்டார் சுமார் நூறு வருஷம் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

அந்தச் சரித்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கள் மண்ணில் இருந்த இன்னொரு ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு 'அஞ்சல்' என்று சொந்தத் தபால் இலாகா இருந்தது. முதலில் அரசாங்க ஓலைகளுக்காக ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொதுஜனங்களின் கடிதங்களையும் ஏற்றது. 1888-ல் சங்கு முத்திரையுடன் தன் முதல் தபால்தலையை வெளியிட்டது. 1951-ல் இந்தியத் தபால் இலாகாவோடு ஐக்கியமானது. இன்று தமிழ்நாடு முழுவதும் தபால் பெட்டியின் மேல் நாம் வாசிக்கிற 'அஞ்சல்' என்ற சொல், எங்கள் பக்கத்தில் முன்பே சாதாரண ஜனங்களின் வாயில் புழங்கிய சொல். அந்த இலாகாவின் நாயகன் அஞ்சலோட்டக்காரன். தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய கோல். சலங்கைச் சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

இந்தச் சலங்கைக் கோல் மிகப் பழையது. பதினாலாம் நூற்றாண்டில் டில்லி சுல்தான் ஆட்சியில் இங்கே வந்த மொராக்கோ யாத்திரிகர் இபன் பதூதா, அந்தக் காலத்துக் கால்நடைத் தபாலை வர்ணித்திருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று சாவடிகள். ஒவ்வொன்றிலும் கச்சை கட்டித் தயாராக ஆட்கள். நுனியில் செப்புச் சலங்கைகள் கோத்த கோலுடன் ஒருவன் ஓடிவருகிறான். சத்தம் கேட்டதும் அடுத்தவன் எழுந்து நிற்கிறான். கடிதத்தை வாங்கிக்கொண்டு பறக்கிறான். குதிரைத் தபாலைவிட இந்த மனிதத் தபால் வேகமானது என்கிறார் இபன் பதூதா. காரணத்தை யோசித்தால் ஆச்சரியம் தீர்ந்துவிடும். ஓடுகிறவன் மைலில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறான். பிறகு உட்கார்ந்துவிடுகிறான். தபாலுக்குத்தான் ஓய்வில்லை, மனிதனுக்கு உண்டு. சுல்தானின் அதிகாரி ஒருவர், 'ஒரே ஆளை ஒரு மைல் முழுக்க ஓடவிட்டால் இரண்டு சம்பளம் மிச்சமாகுமே' என்று யோசனை சொல்லியிருந்தால், அந்தத் தபால் அன்றைக்கே குதிரைக்குப் பின்னால் போயிருக்கும்.

மாரத்தானுக்கு வருவோம். 1896-ல் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது இந்தப் பந்தயமும் தொடங்கியது. ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் ஜயித்தார். இப்போதைய தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-ல் நிரந்தரமாக்கப்பட்டது. நம் நாட்டுக்காரர் ஒருவர் வெகு சீக்கிரமே இதில் கலந்துகொண்டார். 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில், இந்தியாவிலிருந்து சென்ற பதேப்பா தரேப்பா சௌகுலே பத்தொன்பதாவதாக வந்தார். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது.

அந்தக் காலத்து ஓட்டக்காரர்களில் வேகத்தைச் சாஸ்திரமாக்க முயன்றவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். பக்கத்தில் ஓடுகிறவனை அவர் பார்ப்பதில்லை, முள்ளைப் பார்ப்பார். அது வரையில் ஓட்டப் பந்தயம் என்றால் மற்றவனைத் தோற்கடிப்பது. முதலில் தன் அவசரத்தைத் தோற்கடிக்க வேண்டும் என்று காட்டியவர் நூர்மி.

இந்தப் பாடத்தை உலகம் கண்ணாரக் கண்டது 1952-ல், ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸடோபெக் ஐயாயிரம் மீட்டரையும் பத்தாயிரம் மீட்டரையும் ஜயித்துவிட்டு, அதுவரை வாழ்க்கையில் ஓடியே இராத மாரத்தானிலும் பெயர் கொடுத்தார். அவருக்கு எதிரில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். சில வாரங்களுக்கு முன்புதான் உலகத்திலேயே மிகக் குறைந்த நேரத்தில் மாரத்தானை ஓடி முடித்திருந்தார். பீட்டர்ஸ் ஆரம்பத்திலேயே பாய்ந்து போனார். வழியில் அவரை எட்டிப் பிடித்த ஸடோபெக், 'இந்த வேகம் சரிதானா?' என்று கேட்டதாகவும், களைப்பை மறைத்துக்கொண்டு பீட்டர்ஸ், 'போதாது, இன்னும் வேகம் வேண்டும்' என்று பதில் சொன்னதாகவும் கதை பிரசித்தம். ஸடோபெக் அதை நம்பிக்கொண்டு முன்னேறினார். பீட்டர்ஸ் இருபதாவது மைலை ஒட்டி ஓட்டத்தையே விட்டுவிட்டார். 2 மணி 23 நிமிஷம் 3 விநாடியில் ஸடோபெக் ஜயித்தார். அதே பந்தயத்தில் சுதந்திர இந்தியாவின் சூரத் சிங் மாத்தூர் 2 மணி 58 நிமிஷத்தில் ஓடி முடித்தார்.

பீட்டர்ஸின் கதை அதோடு முடியவில்லை. 1954-ல் கனடாவின் வான்கூவர் நகரில், கடும் வெயிலில், மற்றவர்களைவிடச் சுமார் பதினேழு நிமிஷம் முந்தி மைதானத்துக்குள் நுழைந்தார். இன்னும் ஒரு சுற்றுக்கூட இல்லை. ஆனால் கால் நிற்கவில்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சில நூறு அடி தூரத்தைக் கடக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் போராடிவிட்டு, எல்லைக்கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. முன்னால் ஓடுகிறவன் பின்னால் வருகிறவனிடமிருந்துதான் தப்ப வேண்டும் என்று நினைக்கிறோம். பீட்டர்ஸுக்குப் பின்னால் பதினேழு நிமிஷத்துக்கு யாருமே இல்லை.

இதிலிருந்து பயிற்சியாளர்கள் இரண்டு விஷயங்களைத் தேடத் தொடங்கினார்கள். ஒன்று, எந்த வேகத்தில் ஓடினால் நெடுநேரம் தாங்கும்? மற்றொன்று, கஷ்டமான ஓட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும்?

முதல் கேள்விக்குக் கிடைத்த விடைதான் 'டெம்போ' ஓட்டம். டெம்போ என்றால் எங்களூரில் சிலை ஏற்றிப் போகிற வண்டி. அது வேறு. இது இத்தாலிய சங்கீதச் சொல். நம் நாகஸ்வர வித்வான்கள் சொல்லும் காலப்பிரமாணத்துக்கு நேரான சொல். எடுத்த காலத்தை இழுக்காமலும் ஓட்டாமலும் கடைசி வரை நிறுத்துவதே வித்வத். ஓட்டத்திலும் அதேதான். நாம் உழைக்கும்போது தசைகளில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் கலக்கிறது. நிதானமாக ஓடினால் உடம்பு அதை அவ்வப்போது எரித்துச் செலவழித்துவிடுகிறது. வேகம் கூடக் கூட ஒரு கட்டத்தில் வரவு மிஞ்சி, செலவு பின்தங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் சீக்கிரத்தில் கால் கனத்துப் போகும். நல்ல பயிற்சி உள்ளவன் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் எதுவோ, அதுவே இந்த வரம்பு. அந்த வரம்பில் இருபது நிமிஷம் போல ஓடிப் பழகுவதே டெம்போ ஓட்டம். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பழகப் பழக வரம்பே மேலே நகரும். கருவி இல்லாதவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சியாளர்கள் சொல்லும் வழி இது: முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது இளைப்பாறல் ஓட்டம், மூன்று நாலு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் டெம்போ, பேச்சே வரவில்லையென்றால் வரம்பைத் தாண்டிவிட்டாய். 'கோவிந்தா' வருகிறது, 'கோபாலா' வரவில்லை என்று மாமா சொன்னது இதைத்தான்.

இரண்டாவது கேள்விக்கு விடை தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் ஒரிகான் சர்வகலாசாலைப் பயிற்சியாளர் பில் பவர்மன். 1962-ல் அவர் நியூஸிலாந்து சென்று ஆர்தர் லிடியார்டைச் சந்தித்தார். லிடியார்டின் சீடர்கள் வாரத்துக்கு நூறு மைல் ஓடினார்கள். பெரும்பகுதி வாட்டமில்லாத ஓட்டம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களில் இருவர் தங்கமும், பாரி மகீ என்பவர் மாரத்தானில் வெண்கலமும் வாங்கியிருந்தார்கள். பவர்மன் தம் பிள்ளைகளிடம் ஒரு விதியை வைத்தார்: இன்று கடினம் என்றால் நாளை சுலபம். கேட்பதற்குச் சுலபமான விதி. கடைப்பிடிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆர்வமுள்ள பையன்கள் சுலபமான நாளிலும் திருட்டுத்தனமாக ஓடினார்கள். கென்னி மூர் என்ற பையனை அவர் மிரட்டி, சில வாரங்களுக்குத் தினமும் மூன்று மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று கட்டிப் போட்டார். பையன் மனம் குமைந்தான். அடுத்த பந்தயத்தில் இதுவரை ஓடாத வேகத்தில் ஓடினான். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நாலாவதாக வந்தவர் அந்தக் கென்னி மூர்தான்.

காரணம் இதுதான்: ஓடும்போது உடம்பு பலம் பெறுவதில்லை, சேதமடைகிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோகிறது. அந்தச் சேமிப்பு மறுபடி நிரம்ப ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும். எலும்பையும் நரம்புக் கட்டுகளையும் பலப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலை நடப்பதெல்லாம் நாம் சும்மா இருக்கும்போது, முக்கியமாகத் தூங்கும்போது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சீலர் என்ற ஆராய்ச்சியாளர் உயர்ந்த ஓட்டக்காரர்களின் பயிற்சியை ஆராய்ந்து பார்த்தார். அவர்கள் பத்துத் தடவை பயிற்சிக்குப் போனால் எட்டுத் தடவை போல நிதானமாகவே ஓடுகிறார்கள். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தானை முடித்த சிவநாத் சிங்கின் சாதனையை நாற்பது வருஷங்களுக்கு மேல் எந்த இந்தியராலும் அழிக்க முடியவில்லை. எத்தனையோ தடவை வெறுங்காலோடு ஓடிய மனிதர் அவர். அந்த மாதிரிக் கால்கள் ஒரு நாள் ஆவேசத்தில் உண்டாவதில்லை.

இதையெல்லாம் நான் எதற்காகத் தேடிப் படித்தேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களூர் ரஸ்தாவில் விடியற்காலையில் பையன்கள் ஓடுகிறார்கள். மாரத்தானுக்காக அல்ல, உத்தியோகத்துக்காக. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். பட்டாளத்துக்கு வேறு கணக்கு. கல் பட்டறையில் கூலிக்கு நிற்கிற ஒருவருடைய மகன், கெண்டைக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வருவதைப் பார்த்துக் கேட்டேன்:

"என்னடே, காலுக்கு என்ன?"

"முன்னெலும்பு வலி அண்ணாச்சி. மூணு வாரமாச்சு."

"அப்படின்னா ஒரு நாலு நாள் ஓடாம இருக்கப்படாதா?"

"அதெப்படி அண்ணாச்சி? தேர்வு வருகு. டெய்லி உயிரைக் குடுத்து ஓடணும்னு வீடியோல சொல்லுகாங்க. ஒரு நாள் விட்டா போச்சு."

அவன் பேச்சில் சோம்பல் இல்லை; பயம் இருந்தது. ஒரு நாள் ஓய்ந்தால் தன்னைவிட ஏழையான இன்னொருவன் முந்திவிடுவான் என்ற பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவன் அப்பா சிற்ப வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பழக்கம் ஒன்றை மட்டும் நினைவுபடுத்தினேன். இப்போது இயந்திரமும் கார்பைடு முனை உளியும் வந்துவிட்டன. முன்னெல்லாம் கல்லில் கொத்திக் கொத்தி உளி மழுங்கும். மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடிக்கிறவன் கற்றுக்குட்டி; மூக்கு உடைந்த சிலைக்கு அவன்தான் சொந்தக்காரன். தேர்ந்த ஆசாரி மழுங்கிய உளிகளை உலைக்கு அனுப்பிவிடுவார். அங்கே அதைக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். உலையில் கிடக்கிற உளி வேலை செய்யவில்லை என்று எந்த ஆசாரியும் சொன்னதில்லை.

பையன் யோசித்தான். "ரெண்டு நாள் நடந்து பாக்கேன் அண்ணாச்சி" என்றான். அவனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏனென்றால் குற்றம் பையனிடம் மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டு மாதம் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு நடந்தது. ஆண்கள் பத்துக் கிலோமீட்டரை அறுபது நிமிஷத்தில் ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம். ஆறு மாதம் படிப்படியாகப் பழகிய ஆரோக்கியமான வாலிபனுக்கு அது பெரிய வேகம் அல்ல. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஆறு மாதம் பழகியவர்களா? ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில் பத்துக்கு மேற்பட்ட வாலிபர்கள் அந்தத் தேர்வில் உயிரை விட்டார்கள். பிறகு தேர்வை நிறுத்தி வைத்தார்கள். விதிகளைத் திரும்பப் பரிசீலித்தார்கள். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசீலனையால் என்ன பயன்? உடம்பை மெதுவாக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அதற்கு வேண்டிய அவகாசமும் சாப்பாடும் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பந்தயத்தின் தேதியை அறிவிப்பது சுலபம். பயிற்சிக்கு மாதங்களை ஏற்படுத்திக் கொடுப்பதுதான் செலவு பிடித்த காரியம்.

டில்லி சுல்தானுடைய தபாலில் ஓய்வை ஏற்பாடு செய்தது ராஜாங்கம். ஓடியவன் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சாவடியே அவனை உட்கார வைத்தது. சிவாலய ஓட்டத்தில் ஓய்வை ஏற்பாடு செய்தது சாஸ்திரம். குளிக்காமல் அடுத்த கோயிலுக்குப் போகக் கூடாது என்றால், பதினெட்டு வயதுத் துடுக்கனும் நின்றுதான் ஆக வேண்டும். இரண்டிலும் இளைப்பாறலை ஒருவனுடைய சோம்பலாக யாரும் பார்க்கவில்லை. இன்றைக்குப் பையன் தனியாக ஓடுகிறான். அவனை நிறுத்திவைக்கச் சாவடியும் இல்லை, கோயிலும் இல்லை. கைபேசியில் ஒருவன் 'ஓடு, ஓடு' என்று மட்டும் சொல்கிறான். 'போதும், உட்கார்' என்று சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

சிவராத்திரி அன்றைக்கு இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டு கோயிலையும் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அதிகம். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை, தரிசனம் தரிசனந்தான். இருந்தாலும், காலால் ஓடுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. வருகிற மாசியில் எங்களூர்ப் பையன்கள் நாலு பேரை மாமாவிடம் அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறேன். எழுபதைத் தாண்டிவிட்டதால் அவர் இப்போது ஓடுவதில்லை. திருவிதாங்கோட்டுக்கு முந்தின ஒரு வளைவில் மோர்ப் பானையோடு நிற்கிறார். முன்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்து, "விளிச்சுக்கிட்டே போங்க, மக்களே!" என்று அவர் சத்தம் போடுவதை எல்லோரும் பக்தி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.